சைபருக்கு உள்ளே: நியூயார்க்கில் நான்கு நாள்

நியூயார்க்குக்கு நான் போட்டுவைத்திருந்த திட்டமே வேறு. சுதந்திர தேவி சிலை, பாலத்தில் நின்று ஒரு போட்டோ, மீதி நேரம் அக்கா வீட்டில் தூக்கம். அதைக் கெடுத்தவன் அக்கா மகன். பதினாறு வயது, காதில் எந்நேரமும் ஹெட்போன், வாயில் ஏதோ முணுமுணுப்பு. "நாலு நாள் என்கூட வாங்க சித்தி, ஹிப் ஹாப் எங்கேர்ந்து வந்துச்சுன்னு காட்டுறேன்" என்றான். ஹிப் ஹாப்பில் எனக்குத் தெரிந்தது தாளத்துக்குப் பேசிப் பாடுகிற ராப் மட்டும்தான், ராப் என்றால் தங்கச் சங்கிலி, பெரிய கார், கெட்ட வார்த்தை, அவ்வளவுதான். அதை அவனிடமே சொன்னேன். கோபித்துக்கொள்ளவில்லை. நடக்கிற மாதிரி செருப்பு போட்டுக்கோங்க என்று மட்டும் சொன்னான். நான் கேட்கவில்லை, அதற்குப் பின்னால் அனுபவித்தேன்.

தினமும் ராத்திரி போனில் கிறுக்கி வைத்ததுதான் இது. ஊருக்கு வந்து எழுத்துப்பிழை மட்டும் திருத்தியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 8, 2024, வியாழன்

ஹிப் ஹாப் காட்டுகிறேன் என்றவன் முதல் நாளே இடுகாட்டுக்குக் கூட்டிப்போனான். கீழ் மன்ஹாட்டனில், கோர்ட்டும் அரசு அலுவலகங்களும் நெருக்கியடித்து நிற்கிற இடத்தில், ஆப்பிரிக்கன் பரியல் கிரவுண்ட். 1991இல் மத்திய அரசுக் கட்டடம் ஒன்றுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது எலும்புகள் வந்தன. அடிமைகளாகவும் சுதந்திரமாகவும் வாழ்ந்த ஆப்பிரிக்கர்களை 1790கள் வரை இங்கேதான் புதைத்திருக்கிறார்கள், ஊர் எல்லைக்கு வெளியே. பதினைந்தாயிரம் பேர் இருக்கலாம் என்பது கணக்கு. தோண்டி எடுத்தது 419 பேரை. அதில் பாதிக்குப் பக்கம் குழந்தைகள். ஆராய்ச்சி முடிந்து 2003இல் திரும்ப அதே மண்ணில் வைத்து மூடினார்கள். புல் மூடிய ஏழு மேடுகள் இருக்கின்றன.

நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனால் உள்ளே போக அரசுக் கட்டடத்துச் சோதனையைத் தாண்ட வேண்டும். என் பையில் அக்கா கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சாதம், எவர்சில்வர் டப்பாவில். மெஷின் கத்தியது. காவலுக்கு நின்ற பெரியவர் மூடியைத் திறந்து பார்த்து, ஒரு மூச்சு இழுத்துவிட்டு, "எனக்கும் இப்படி ஒரு அக்கா வேணும்" என்றார். திருப்பி மூடும்போது அவ்வளவு பத்திரமாக அழுத்தி மூடினார், எங்கள் வீட்டிலேயே யாரும் அப்படி மூடுவதில்லை.

அங்கே கிடந்தவர்களில் யாருக்கும் பெயர் தெரியாது. எண்தான். 340ஆம் எண் ஒரு பெண், இடுப்பில் பாசிமணி கட்டியபடி புதைக்கப்பட்டவள். 101ஆம் எண் சவப்பெட்டி மூடியில் ஆணிகளால் இதயம் போல ஒரு வடிவம் அடித்திருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் அக்கான் மக்களுடைய 'சங்கோஃபா' சின்னம் அது என்று பலர் சொல்கிறார்கள். விட்டுவந்ததைத் திரும்பிப் போய் எடுத்துக்கொள் என்று அர்த்தமாம். அக்கா மகன் உடனே, "சாம்ப்ளிங் சித்தி! பழைய ரெக்கார்டுலேர்ந்து நாலு செகண்ட் எடுத்துட்டு வந்து புதுப் பாட்டு கட்டுறது. இதேதான்" என்றான். இருக்கலாம். அந்த நேரத்தில் எனக்கு இடுப்பு மணிக்காரிதான் மனசில் நின்றாள். எங்கள் பாட்டி குழந்தைகளுக்குக் கட்டிய அரைஞாண் ஞாபகம் வந்தது.

வெளியே நினைவுச்சின்னத்தில் சுற்றிச் சுற்றி இறங்குகிற ஒரு வட்டம், அடியில் உலக வரைபடம், நடுவில் மேற்கு ஆப்பிரிக்கா. வட்டத்தில் ஏன் இறங்க வேண்டும் என்று கேட்டேன். நாளைக்கும் வட்டம்தான், ஞாயித்துக்கிழமை வரைக்கும் வட்டம்தான் என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னான்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

காலையிலிருந்தே மழை. தெற்கே அடித்த டெபி புயலின் மிச்சம் என்று டிவியில் சொன்னார்கள். குடை ஒன்று, ஆள் இரண்டு.

கறுப்பின மக்களின் பழைய பேட்டையான ஹார்லெமில், 135ஆம் தெரு முனையில் ஷோம்பர்க் மையம். கறுப்பின மக்களின் வரலாறு, கலை, கையெழுத்துப் பிரதிகள் எல்லாம் சேர்த்து வைத்திருக்கிற நூலகம். உள்ளே நுழைந்ததும் தரையில் பெரிய வட்டச் சித்திரம், நதிகளும் எழுத்துகளுமாக. கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸின் அஸ்தி அதற்கு அடியில்தான் இருக்கிறது. தெரிந்ததும் நான் சுவரோரமாகச் சுற்றிப் போனேன், நம் பழக்கம் அப்படி. ஒரு அம்மா, அங்கே வேலை செய்கிறவர்தான், சிரித்துக்கொண்டே, மிதிக்கலாம், ஆடவே ஆடலாம் என்றார். 1991இல் இதைத் திறந்தபோது மாயா ஏஞ்சலோவும் அமிரி பராக்காவும் இதன் மேல்தான் ஆடினார்களாம். அந்தப் போட்டோவை அக்கா மகன் போனில் காட்டினான். அறுபது வயதை ஒட்டிய இரண்டு கவிஞர்கள் ஒரு கவிஞன் சாம்பல் மேலே இடுப்பை வளைத்துச் சிரித்து ஆடுகிறார்கள். அதற்குப் பிறகும் நான் மிதிக்கவில்லை. அவன் செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் போய் நின்றான். அது எனக்குப் பிடித்திருந்தது.

'ரிங் ஷவுட்' என்று ஒன்றை அங்கே படித்தேன். அடிமைக் காலத்தில் கரோலினா, ஜார்ஜியா கரையோரப் பண்ணைகளில் ராத்திரி ஜெபம் முடிந்ததும் ஜனங்கள் வட்டமாகச் சேர்ந்து இடஞ்சுழியாக நகர்வார்கள், காலைத் தரையிலிருந்து எடுக்காமல் இழுத்து இழுத்து. ஒருவர் பாட, மற்றவர் எதிர்ப்பாட்டு. ஏன் முரசு இல்லாமல் கைதட்டலும் காலோசையும் மட்டும்? 1739இல் ஸ்டோனோவில் அடிமைகள் கிளர்ந்தபோது பறையடித்துத்தான் ஆள் சேர்த்தார்கள். அடுத்த வருஷமே தென் கரோலினா சட்டம் போட்டு முரசைத் தடை செய்தது. அப்புறம் தரையே முரசு, உடம்பே முரசு. வாயாலேயே தாளம் போடுகிற பீட்பாக்ஸ் பையன்களை நான் இதுவரை கேலிதான் செய்திருக்கிறேன்.

பசி. 116ஆம் தெருப் பக்கம் செனகல்காரர்கள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. செபுஜென் என்று மீனும் சோறும், தக்காளியில் வேகவைத்தது, 18 டாலர். விலையைப் பார்த்து நெஞ்சடைத்தது, தட்டைப் பார்த்து அடங்கியது. இரண்டு பேர் தின்று மிச்சம். அரிசியைப் பார்த்தால் நொய்! நம் ஊரில் கஞ்சிக்கும் கோழிக்கும் போடுகிற நொய்யரிசிதான் அங்கே விருந்துச் சோறு. மரவள்ளிக் கிழங்கு, முட்டைக்கோஸ், கேரட் எல்லாம் முழுசு முழுசாக மேலே.

கடை டிவியில் பாரிஸ் ஒலிம்பிக்ஸ். ஹிப் ஹாப்போடு வந்த தெரு நடனமான பிரேக்கிங் முதல் தடவையாக ஒலிம்பிக்ஸில் சேர்ந்த நாள், பெண்கள் பிரிவு. ஜப்பானின் ஆமி தங்கம் வாங்கினார். ஆனால் கடையில் எல்லோரும் பேசியது ஆஸ்திரேலியப் பெண்மணியைப் பற்றி, மூன்று ஆட்டத்திலும் ஒரு நடுவர் ஓட்டு கூட விழவில்லை, மொத்தம் சைபர். கங்காரு மாதிரி குதித்ததைப் போனில் மாற்றி மாற்றிக் காட்டிச் சிரித்தார்கள். பரிமாறிய அம்மா மட்டும் இன்னொன்றைக் காட்டினார். அகதிகள் அணியில் ஆடிய ஆப்கன் பெண் மனிஷா தலாஷ், ஆப்கன் பெண்களுக்கு விடுதலை என்று எழுதிய துணியை விரித்துக்கொண்டு ஆடினார், அரசியல் வாசகம் என்று தகுதிநீக்கம் செய்துவிட்டார்கள். "இந்த ஆட்டம் எதிலிருந்து பிறந்தது என்று நினைத்தார்கள்?" என்றார் அந்த அம்மா, தட்டை எடுத்துக்கொண்டே.

மழை விட்டதும் வடக்கே நடந்தோம். 126ஆம் தெரு முனையில் சின்னதாக ஒரு கட்டடம், 'அல்லா ஸ்கூல் இன் மெக்கா' என்று பெயர். ஃபைவ் பெர்சென்டர்ஸ் என்ற இயக்கத்தாருடையது, கறுப்பு ஆண்தான் கடவுள் என்பவர்கள். கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸ் நடத்திய ஏழாம் எண் மசூதியிலிருந்து பிரிந்து போன கிளாரன்ஸ் 13எக்ஸ் என்பவர் 1964இல் ஹார்லெம் தெருப் பையன்களை வைத்து ஆரம்பித்தது. 1969இல் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். பெயருக்குப் பின்னால் அந்த எக்ஸ் எதற்கென்றால், அடிமைச் சொந்தக்காரன் வைத்த குடும்பப்பெயரைத் தூக்கிப் போட்டால் அந்த இடத்தில் வைக்க வேறு பெயர் இல்லை. தாத்தனுக்குத் தாத்தன் பெயர் தெரியாது. கணக்கில் தெரியாததற்கு எக்ஸ் போடுவோமே, அதுதான்.

வாசலில் நின்ற வயதானவர் அக்கா மகனைப் பார்த்து, இன்றைக்கு என்ன கணக்கு என்றார். அவன் டக்கென்று "பிறப்பு" என்றான். ஒன்பதாம் தேதி இல்லையா, அவர்கள் கணக்கில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பொருள்: ஒன்று அறிவு, இரண்டு ஞானம், மூன்று புரிதல் என்று போய் ஏழு கடவுள், எட்டு கட்டுவது இல்லாவிட்டால் இடிப்பது, ஒன்பது பிறப்பு. கடைசியில் சுழியம், அதுதான் 'சைஃபர்'. ஆட்கள் வட்டமாக நின்று பேசுவதும் சைஃபர்தான். ராப் பாடுகிறவர்கள் வட்டம் கட்டி மாற்றி மாற்றிப் பாடுவதற்கும் அந்தப் பெயர் இங்கேயிருந்து போனது. ராப் பாடகர் ராக்கிம், வூ டாங் கிளான் என்ற ராப் குழு எல்லாம் இந்தப் பள்ளிக்கூடத்துச் சொற்களில் ஊறியவர்கள். என் பாஷையிலும் சுழியத்துக்கு சைபர் என்றுதான் சொல்வோம் என்றேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். பக்கத்திலிருந்தவரைக் கூப்பிட்டு என்னைத் திரும்பச் சொல்லச் சொன்னார். சைபர். சைபர். அரபியிலிருந்து கிளம்பிய ஒரு சொல் அவருக்கு ஒரு வழியாகவும் எனக்கு ஒரு வழியாகவும் வந்து சேர்ந்திருக்கிறது.

சரி, நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்ததை நான்தான் கெடுத்தேன். கறுப்பு ஆண்தான் கடவுள் என்கிறீர்களே, பெண் யார் என்று கேட்டேன். பூமி என்றார். "எங்க ஊர்லயும் பொறுமைக்குப் பூமாதேவின்னுதான் சொல்லுவாங்க, அப்புறம் மேல ஏறி மிதிப்பாங்க" என்றேன். அக்கா மகன் இதை மொழிபெயர்க்க மறுத்தான். நானே என் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்து, என் மகளும் இதையேதான் சொல்கிறாள் என்றார்.

ஆகஸ்ட் 10, சனி

"இன்னைக்கு அறிவு, சைஃபர்" என்று எழுப்பினான். தேதி பத்து.

செருப்பு வார் அறுந்தது. 125ஆம் தெருவில், அப்போலோ தியேட்டருக்குக் கொஞ்சம் தள்ளி, நடைபாதைக் கடையில் 20 டாலருக்கு ஒரு ஜோடி. கடைக்கார அம்மா பழைய செருப்பை வாங்கிப் பார்த்துவிட்டு, குப்பையில் போடாமல் ஊக்கு ஒன்று குத்திக் கையில் கொடுத்தார், ஊருக்குக் கொண்டுபோய்த் தைத்துக்கொள் என்று. அதற்குக் காசு வாங்கவில்லை.

சாயங்காலம் மார்க்கஸ் கார்வி பூங்கா. கோடைச் சனிக்கிழமைகளில் இங்கே முரசடிப்பவர்கள் கூடுவது பல வருஷமாக நடக்கிறது, ஜெம்பே, காங்கா, மணி, எல்லாம் சேர்ந்து. நாங்கள் போனபோது பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். பக்கத்தில் புதுசாக வந்த அடுக்குமாடிக்காரர்கள் 2008 வாக்கில் சத்தம் என்று புகார் செய்து பெரிய தகராறு ஆகியிருக்கிறது. பறையை எங்கே அடிக்கலாம், யார் தெரு வழியாக அடிக்கலாம் என்ற சண்டைக்கு ஆள் வெட்டு வரை பார்த்த ஜில்லாவிலிருந்து வருகிறேன், எனக்கு இது விளங்க விளக்கம் வேண்டாம்.

1968 மே 19, மால்கம் எக்ஸ் பிறந்தநாளுக்கு இதே பூங்காவில்தான் லாஸ்ட் பொயட்ஸ் என்ற குழு முதல் தடவை மேடையேறியது. முரசடித்துக் கவிதை சொன்னவர்கள், ராப்புக்குப் பாட்டன்மார் என்று சொல்லலாம். அடுத்த கோடையில் ஹார்லெம் கலாச்சார விழா, லட்சக்கணக்கில் கூட்டம், அதுவும் இங்கேதான். அப்போது பூங்காவின் பெயர் மவுண்ட் மோரிஸ், 1973இல்தான் கார்வி பெயரை வைத்தார்கள். கறுப்பின எழுச்சித் தலைவரான கார்வி ஜமைக்காக்காரர். ஹிப் ஹாப்பைத் தொடங்கிவைத்த டி.ஜே. கூல் ஹெர்க்கும் ஜமைக்காவில் பிறந்தவர், அவர் பாட்டுப் போட்ட அந்த முதல் விருந்தும் 1973.

பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளைஞனிடம், சங்கிலி, கார் பாட்டெல்லாம் எந்தக் கணக்கு என்று கேட்டேவிட்டேன். அவன் மழுப்பவில்லை. அதுவும் எங்களுடையதுதான், சனிக்கிழமை ராத்திரி செய்ததை எல்லாம் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எழுந்து நின்று சொல்லுவோம், இல்லாததைச் சொன்னால்தான் பொய் என்றான். 2015இல் போலீஸ் கொலைகளுக்கு எதிராக நடந்த ஊர்வலங்களில் ராப் பாடகர் கென்ட்ரிக் லமாரின் 'ஆல்ரைட்' பாட்டைக் கோஷமாகப் பாடினார்கள், அப்போது தான் பள்ளிப் பையன் என்றும், அம்மா கையைப் பிடித்துக்கொண்டு போனதாகவும் சொன்னான். நம்மைக் கொல்லுவார்கள், ஆனாலும் நமக்கு ஒன்றும் ஆகாது என்று ஒரே மூச்சில் சொல்வதற்கு ஜெபம் என்றுதானே பெயர் என்று கேட்டான். மூன்று டாலருக்கு ஐஸ் சீவி சர்பத் ஊற்றித் தந்தார்கள், அவனுக்கும் சேர்த்து வாங்கினேன். வாங்கிக்கொண்டான். ஆனால் பெண்களைப் பற்றிப் பாடுகிற விஷயத்தில் அவன் சொன்ன சமாதானம் எதுவும் எனக்கு ஒப்பவில்லை, இன்னும்தான்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

காலையில் சர்ச். ஹார்லெமில் சில பெரிய சர்ச்சுகளுக்குச் சுற்றுலாப் பயணிகள் வரிசை கட்டுகிறார்கள், நாங்கள் போனது சின்னது, நாற்பது பேர். வெள்ளை உடுத்திய பாட்டி ஒருவர் அட்டை விசிறி கொடுத்தார். ஒரு பக்கம் மார்ட்டின் லூதர் கிங், மறு பக்கம் சவ அடக்கம் செய்கிற கடையின் விளம்பரம்.

பாஸ்டர் பேச ஆரம்பித்தபோது பேச்சுதான். பத்து நிமிஷத்தில் வாக்கியம் குட்டையாகிறது, மூச்சு விடும் இடத்தில் ஆர்கன் ஒரு வெட்டு வெட்டுகிறது, ஜனங்கள் "சொல்லுங்க", "அப்படித்தான்" என்று பதில் போடுகிறார்கள். எங்கே பேச்சு முடிந்து எங்கே பாட்டு ஆரம்பித்தது என்று பிடிக்க முடியவில்லை. வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் "ஆமா" போடாவிட்டால் கதை நகராது இல்லையா, அதே மாதிரி. 'தி பிரேக்ஸ்' என்ற ராப் பாட்டைப் பாடிய கர்ட்டிஸ் ப்ளோ பின்னாளில் போதகராகி ஹார்லெமில் ஹிப் ஹாப் சர்ச்சே நடத்தினார் என்று அக்கா மகன் நேற்றுச் சொன்னபோது வேடிக்கையாக இருந்தது. இன்றைக்கு அப்படி இல்லை.

நடுவில் புதிதாக வந்தவர்கள் எழுந்து பெயரும் ஊரும் சொல்லச் சொன்னார்கள். எனக்கு வேர்த்துவிட்டது. சொன்னேன். நாற்பது பேரும் என் பெயரைத் திருப்பிச் சொல்லி வரவேற்றார்கள். எழுந்து பெயர் சொன்னதற்குக் கைதட்டு வாங்கியது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. அக்கா மகன் தன் முறை வந்ததும் பள்ளியில் கூப்பிடுகிற சுருக்கப் பெயரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டான். அவனுக்கு வைத்திருப்பது எங்கள் அப்பாவின் பெயர், நீளமானது, இந்த ஊர் வாயில் நுழையாது. (இங்கேயும் அதை எழுதக் கூடாது என்று உத்தரவு.)

அடித்தளத்தில் சாப்பாடு 12 டாலர், பொரித்த மீன், சோள ரொட்டி, காரமே இல்லாத கீரைக் கடைசல் மாதிரி ஒன்று. இரண்டாம் தடவை கேட்டேன், முகம் சுளிக்காமல் வைத்தார்கள்.

பிராங்க்ஸுக்குப் போக 4ஆம் எண் ரயில் ஏற வேண்டியதை, நான் அவசரப்படுத்தி 5இல் ஏற்றிவிட்டேன். எங்கேயோ கிழக்கே போய் இறங்கித் திரும்பி வந்து, மலைச்சரிவில் படிக்கட்டாகவே இருக்கிற தெருக்களில் இறங்கி, மூன்று மணிக்கு மேல், ஹிப் ஹாப் பிறந்த இடம் என்று சொல்கிற 1520 செட்ஜ்விக் அவென்யூ. நான் ஏதாவது மண்டபம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். சாதாரண அடுக்குமாடி வீடு. பக்கத்தில் நெடுஞ்சாலை இரைகிறது. நகரத்துச் சாலைகளைத் திட்டமிட்ட அதிகாரி ராபர்ட் மோசஸ் போட்ட கிராஸ் பிராங்க்ஸ் சாலை, ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் காலி செய்துவிட்டுப் போட்டது. அதற்குப் பின் எழுபதுகளில் பிராங்க்ஸ் எரிந்தது, சில வீட்டுக்காரர்கள் இன்ஷூரன்ஸ் காசுக்காகத் தாங்களே கொளுத்திய கதையும் உண்டு.

இதே நாளில், 1973 ஆகஸ்ட் 11, சரியாக 51 வருஷம் முன்னால், சிண்டி கேம்ப்பெல் என்ற பெண் பள்ளிக்கூடம் திறக்குமுன் புதுத் துணி எடுக்கக் காசு வேண்டும் என்று இந்தக் கட்டடத்துப் பொது அறையில் விருந்து வைத்தாள். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50. பாட்டுப் போட்டது அண்ணன், அவர்தான் ஹெர்க். பாட்டில் தாளம் மட்டும் தனியாக வருகிற இடத்தில்தான் ஜனம் ஆடுகிறது என்று கவனித்து, பின்னால் ஒரே ரெக்கார்டில் இரண்டு பிரதி வைத்து அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஓட்டினார். அதற்கு அவர் வைத்த பெயர் ராட்டினம். ராட்டினமும் வட்டம்தானே என்று நான் சொன்னபோது அக்கா மகன் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் மரியாதை இருந்தது. எல்லாம் அண்ணன் பேரில் போய்விட்டது, விருந்து வைத்தது தங்கை.

வாசல் பூட்டியிருந்தது. துணி துவைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு அம்மா, போட்டோ எடுப்பவர்களை வழி விடச் சொல்லிச் சொல்லியே களைத்திருந்தார். நான் ஒதுங்கிக் கதவைப் பிடித்தேன். 2007 வாக்கில் இந்த வீட்டை விற்று வாடகையை ஏற்றப் பார்த்தபோது, குடியிருந்தவர்கள் ஹிப் ஹாப் பிறந்த இடம் என்று சொல்லித்தான் போராடினார்கள், ஹெர்க்கும் வந்து நின்றார்.

கொஞ்சம் வடக்கே சீடர் பூங்கா. வெளியில் விருந்து வைத்தபோது ஹெர்க் தெருவிளக்குக் கம்பத்திலிருந்து மின்சாரம் எடுத்தாராம். கொக்கி போட்டிருக்கிறார், சுத்தமாக நம் ஊர்த் திருவிழா வேலை. அங்கே ஏழெட்டுப் பேர் வட்டமாக நின்றிருந்தார்கள். ஒரு பெண் வாயாலேயே தாளம் போட, மற்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே காலெடுத்து வைத்துப் பாடினார்கள். ஒருத்தர் தடுமாறினால் யாரும் சிரிக்கவில்லை, ஒரு 'ஏய்' போட்டுத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். ஒவ்வொருத்தரும் முதலில் சொன்னது தன் பெயர்.

தாளம் போட்ட பெண் அக்கா மகனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். நான்கு நாளாக எனக்குப் பாடம் எடுத்தவன் இரண்டடி பின்னால் நகர்ந்து என் மேல் மோதினான். நான் நகரவில்லை. போனான். நான்கு வரிதான், பாதி விளங்கவில்லை எனக்கு, ஆனால் முதல் வரியில் எங்கள் அப்பா பெயர் முழுசாக வந்தது, இனிஷியலோடு. வட்டம் அதைத் திருப்பிச் சொன்னது, தப்பாக. அவன் கையைத் தூக்கித் தாளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, அசை அசையாகப் பிரித்து மறுபடி சொன்னான். மறுபடி சொன்னார்கள். 'ழ' மட்டும் வரவில்லை. "ஒன் மோர்" என்றான்.